மூக்கை அளந்தவர்களும் கூட்டம் பிரித்தவர்களும்

டேட்டா சயின்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் கிளஸ்டரிங்குக்கும் கிளாசிஃபிகேஷனுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டால், "ஒன்னு அன்சூப்பர்வைஸ்ட், இன்னொன்னு சூப்பர்வைஸ்ட் சார்" என்று டக்கென்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அந்த "சூப்பர்வைஸ்" பண்ணுகிற ஆள் யார், அவர் கையில் இருக்கும் பெயர்ப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் அடங்கிப்போகிறது. இந்த இரண்டு முறைகளின் ஆரம்பகாலத்தில் இந்தியர்களின் மூக்குக்கு ஒரு பங்கு உண்டு.

1901 சென்சஸின் கமிஷனர் ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசி எண். 70க்குக் கீழே என்றால் மெல்லிய மூக்கு, 85க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு, நடுவில் இருப்பது நடுத்தரம். மூக்கு அகலமாக ஆக ஆக சமூக அந்தஸ்து குறையும் என்பது ரிஸ்லியின் முடிவு. நம்ம ஊரிலும் இது நடந்தது: சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக்கோல்களை எடுத்துக்கொண்டு தலையையும் மூக்கையும் அளந்து தள்ளியவர்.

இதை கிளாசிஃபிகேஷன் என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் மோசமான வகை. ஒரே ஒரு அளவு, கையால் கிழித்த இரண்டு கோடுகள், முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த சாதிப் பட்டியல். பதிலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட மாதிரி.

1920இல் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டில், விலங்கியலாளர் நெல்சன் அனன்டேல் கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயும்படி ஓர் இளம் இயற்பியல் பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டார். அவர் பி.சி. மஹலனோபிஸ். இவர்கள் எந்தக் கூட்டத்துக்கு நெருக்கம் என்று பார்க்கப்போனால், "நெருக்கம்" என்றால் என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமும் மூக்கில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமும் ஒன்றா? போதாததற்கு, உயரமான ஆளுக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் ஒரே வித்தியாசத்தை இரண்டு தடவை எண்ணின கணக்கு. ஒவ்வொரு அளவின் பரவலையும், அளவுகளுக்கு இடையிலான தொடர்பையும் கழித்துக்கொண்டு தூரத்தைச் சொல்லும் சூத்திரத்தின் முழு வடிவத்தை அவர் 1936இல் வெளியிட்டார். இன்று பைத்தானில் ஒரே வரியில் கூப்பிடுகிறோமே மஹலனோபிஸ் தூரம், அதுதான். இடையில் 1933இல் ரிஸ்லியின் வங்காள அளவுகளை எடுத்துத் திருத்தி ஒரு கட்டுரையும் எழுதினார். அடுத்தவர் டேட்டாவைச் சுத்தம் பண்ணுகிற வேலை அப்போதே இருந்திருக்கிறது பாருங்கள்.

அதே 1936இல்தான் இங்கிலாந்தில் ரொனால்ட் ஃபிஷர் ஐரிஸ் பூக்களை வைத்து எழுதினார். மூன்று இனம், இனத்துக்கு 50, பூவுக்கு நான்கு அளவு. எந்தப் பூ எந்த இனம் என்பது தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சனுக்கு முன்பே தெரியும். புதிதாக வரும் பூவை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதே ஃபிஷரின் கேள்வி. இது சுத்தமான கிளாசிஃபிகேஷன். பெயரை மறைத்துவிட்டு அதே 150 பூவைக் கிளஸ்டரிங்கில் போட்டுப் பாருங்கள். செட்டோசா தனியாக ஒதுங்கும். வெர்சிகலரும் வர்ஜினிகாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். மூன்று இனம் என்பது தாவரவியலாளர் சொன்னதால் தெரிந்தது. எண்கள் தாமாகச் சொல்வது கிட்டத்தட்ட இரண்டைத்தான்.

இரண்டு கேள்விகளும் ஒரே டேட்டாவில் சந்தித்த இடம் 1941 ஐக்கிய மாகாண உடலளவு சர்வே. மானுடவியலாளர் டி.என். மஜும்தார், மஹலனோபிஸ், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஹூவின ஹடகலியில் பிறந்த சி.ஆர். ராவ் மூவரும் சேர்ந்து அதன் அறிக்கையை 1949இல் வெளியிட்டார்கள். சாதிகளுக்கு இடையே தூரம் கணக்கிட்டு எவை அருகருகே விழுகின்றன என்று பார்ப்பது ஒரு வேலை: கிளஸ்டரிங். 1948 கட்டுரையில் ராவ் செய்தது இன்னொன்று. பிராமணர், கைவினைஞர், கோர்வா பழங்குடி என்று மூன்று கூட்டம். உயரம், உட்கார்ந்த உயரம், மூக்கின் ஆழம், மூக்கின் உயரம் என்று நான்கு அளவு. ஒரு ஆளை அளந்தால் அவர் இந்த மூன்றில் எது? இது கிளாசிஃபிகேஷன்.

ராவின் கணிதம் ரிஸ்லியினுடையதைவிட எவ்வளவோ நேர்மையானது. எத்தனை பேரைத் தப்பான பெட்டியில் போடுவோம் என்பதையும் அது கணக்கிட்டுச் சொல்லும். ரிஸ்லியின் கோடுகளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஆனாலும் கோர்வாவும் பிராமணரும் கைவினைஞரும் இல்லாத நாலாவது ஆள் வந்து நின்றால், மூன்று லேபிள் மட்டும் கற்ற சூத்திரத்திடம் நாலாவது பெயர் கிடையாது.

கிளஸ்டரிங் இதிலிருந்து தப்பியதா என்றால், முழுசாக இல்லை என்பேன். அந்த சர்வேயில் தூரம் அளக்கப்பட்டது ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இல்லை. சாதிச் சராசரிக்கும் சாதிச் சராசரிக்கும் இடையில். அதாவது அளவெடுத்த அன்றே தாளின் தலைப்பில் சாதிப் பெயர் எழுதியாகிவிட்டது. கூட்டம் பிரிந்ததெல்லாம் அந்தப் பெயர்களுக்குள்தான். ஆயிரக்கணக்கான தனி ஆட்களின் அளவுகளைப் பெயரே பார்க்காமல் கொட்டிக் கலக்கிப் பிரிக்க, கையால் சுற்றும் கால்குலேட்டர்கள் போதாது. இன்று எல்லாரும் முதலில் கற்கும் கே-மீன்ஸ் என்ற பெயரே 1967இல் மெக்வீன் வைத்ததுதான்.