காந்தலும் காந்தமும்

சித்திரை நடுப்பகலில் கரிசல் ஊரான பாலவனத்தம் பக்கம் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் 'வெயில் காந்துது' என்பார்கள். மிளகாய் பட்ட விரல் காந்தும். பசித்த வயிறு காந்தும். பால் அடிப்பிடித்தால் காந்தல் வாடை வீசும். 'காந்து' தமிழ் வேர்ச்சொல், கரிசல் நாட்டின் அன்றாடச் சொல்.

காந்தம் என்ற பெயரும் இதில் கிளைத்ததுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது பிழை. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். அவர் ஊரைச் சொல்லித் தொடங்கிவிட்டு, ஒலி ஒன்றுபோல் இருப்பதை மட்டும் நம்பி வேர் காட்டுவது தகாது.

வடமொழியில் 'அயஸ்' இரும்பு, 'காந்த' விரும்பப்பட்டது. இரும்பு விரும்பும் கல் அயஸ்காந்தம். தமிழில் அது அயக்காந்தமாகி, முன்பாதி உதிர்ந்து காந்தமாக நின்றது. கணவனைக் காந்தன் என்றும் மனைவியைக் காந்தை என்றும் சொன்னது இதே சொல்லால்தான். ரஜினிகாந்த் என்றால் இரவின் காதலன், அதாவது நிலவு. இரும்பு ஓடிவந்து ஒட்டியதைக் கண்டவர்கள் அதைக் காதல் என்றே எண்ணியிருக்கிறார்கள். குமாரசம்பவத்தில் காளிதாசர், சிவன் மனத்தை உமையின் அழகு ஈர்ப்பதற்கு இந்தக் கல்லையே உவமை சொல்கிறார். 'மேக்னட்' என்ற பெயரோ கிரேக்கத்தின் மெக்னீசியா என்னும் இடத்திலிருந்து வந்தது. கிரேக்கர்கள் இடத்தைப் பெயராக்கினார்கள், நம்மவர்கள் உறவைப் பெயராக்கினார்கள். நம் பெயரே அழகு என்பேன்.

ஆனால் அந்த அழகில் ஒரு சிக்கல் உண்டு. காந்தம் என்றாலே இழுப்பது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவிடம் காந்தம் அப்படி நடந்துகொள்வதில்லை. 1928-இல் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயரிட்ட பொருள் அது. அதில் ஓடும் மின்னூட்டமுள்ள ஒரு துகளைக் காந்தப்புலம் தன் பக்கம் இழுப்பதில்லை. ஓடும் திசைக்கும் புலத்தின் திசைக்கும் குறுக்கே தள்ளுகிறது. துகள் வளைந்து, புலக்கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. திசைதான் மாறுகிறது, வேகத்தைக் காந்தம் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இது நடக்கும் இடம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. தென்தமிழகத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையப் படுக்கையாக வடக்கு நோக்கிக் கிடக்கிறது. சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் காற்றணுக்களை உடைத்து எலக்ட்ரான்களையும் அயனிகளையும் பிரிக்கிறது. கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளில் மோதி மோதிக் காந்தப்புலத்தின் பிடியிலிருந்து நழுவிவிடுகின்றன. இலேசான எலக்ட்ரான்கள் அந்தப் பிடியிலேயே இருந்து, மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து தள்ள, மேற்கே நகர்கின்றன. எனவே மின்னோட்டம் கிழக்கே பாய்கிறது. 1951-இல் சிட்னி சாப்மன் இதற்கு 'எலக்ட்ரோஜெட்' என்று பெயர் வைத்தார். மின்தாரை என்றால் தமிழில் நன்றாகவே பொருந்தும். புலம் படுக்கையாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டை ஒட்டிய அதன் பட்டைக்கு அடியில்தான் பாலவனத்தமும் இருக்கிறது.

காந்தலும் காந்தமும் வேரில் உறவில்லாதவை. ஆனாலும் வெயில் காந்தும் வேளையில்தான் இந்த மின்தாரை வலுக்கிறது, இரவில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், சுமார் 40,000 நானோடெஸ்லா அளவுள்ள பூமியின் காந்தப்புலம் இதனால் நண்பகலை ஒட்டி நூறு நானோடெஸ்லா வரை ஏறி இறங்குவதைக் கருவிகள் பதிவு செய்கின்றன.