பாய்மரப் படகு வடிவமைப்பில் கணினி

காற்றின் விசையைப் பாயில் வாங்கி நீரில் நகரும் கலம் பாய்மரப் படகு. அதன் வடிவத்தைப் பல நூற்றாண்டுகளாகத் தச்சரின் கண்ணும் கையும் முடிவு செய்தன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த வேலையின் பெரும்பகுதி கணினிக்கு மாறியுள்ளது. இந்த மாற்றத்தின் வரலாற்றையும், கணினியால் செய்ய முடிந்தது எது, கைக்கே உரியது எது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரைபடம் இல்லாத காலம்

தமிழகக் கடற்கரையில் படகு கட்டியோர் பெரும்பாலும் தாளில் வரைந்துகொண்டு வேலையைத் தொடங்கியதில்லை. கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்பட்டது. சென்னையில் துறைமுகம் அமையும் முன், கப்பலில் வந்த ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. கரையில் மோதும்போது விறைப்பான படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளும் அனுபவக் கணக்கில் உருவானவையே.

இம்முறையில் இரண்டு இடர்கள் இருந்தன. கலத்தை நீரில் இறக்கிய பிறகே பிழை தெரியவரும். கணக்கு அறிந்தவர் மறைந்தால் அந்தக் கணக்கும் மறைந்துவிடும்.

மரச்சட்டத்திலிருந்து கணித வளைவுக்கு

ஐரோப்பியக் கப்பல் தளங்களில் கலத்தின் வளைவுகளை வரைய மெல்லிய, வளையும் மரச்சட்டங்களைப் பயன்படுத்தினர். சட்டம் நகராதிருக்க அதன்மேல் ஈயக் கட்டிகளை வைப்பார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ‘ஸ்ப்லைன்’. 1946இல் கணிதவியலாளர் ஷோன்பெர்க் ஒருவகைக் கணித வளைவுகளுக்கு இதே பெயரைச் சூட்டினார். இன்று கணினித் திரையில் படகு, கார், எழுத்துரு ஆகியவற்றை வரைய உதவும் வளைவுகளில் அந்தத் தச்சர் சட்டத்தின் பெயர் வாழ்கிறது.

வடிவத்தைக் கட்டும் முன்பே சோதிக்கும் வழியை வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காட்டினார். 1872இல் டார்க்கே நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, அதில் சிறிய மாதிரிக் கப்பலை இழுத்து நீரின் தடையை அளந்தார். பாய்மரப் படகுக்கு இது மட்டும் போதாது. இயந்திரக் கப்பல் பெரும்பாலும் நிமிர்ந்து நேராகச் செல்லும். பாய்ப்படகோ காற்றில் சாய்ந்து, சற்றே பக்கவாட்டில் நழுவியபடி செல்லும். இந்தச் சாய்வையும் நழுவலையும் சேர்த்து அளக்கும் முறையை 1930களில் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் கென்னத் டேவிட்சன் உருவாக்கினார்.

கணினியின் வரவு

1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் படகின் வேகத்தை முன்கூட்டிச் சொல்லும் நிரல் உருவானது. அது செய்வது ஒரு தராசு வேலை. பாய் தரும் உந்துவிசை நீரின் தடைக்குச் சமமாக வேண்டும்; படகைச் சாய்க்கும் திருப்புவிசை, அதை நிமிர்த்தும் திருப்புவிசைக்குச் சமமாக வேண்டும். இரண்டும் ஒருசேரச் சமமாகும் வேகத்தையும் சாய்வையும் நிரல் மீண்டும் மீண்டும் கணக்கிட்டுத் தேடும். கையால் செய்தால் ஒவ்வொரு காற்று வேகத்துக்கும், ஒவ்வொரு திசைக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு நீளும்.

1983இல் இதன் பலனை உலகம் கண்டது. அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் 132 ஆண்டுகள் தோற்காதிருந்த அமெரிக்காவை ‘ஆஸ்திரேலியா 2’ வென்றது. அதன் அடியில், நீருக்குள் இறங்கி நிற்கும் எடைப்பகுதியில் சிறகுகள் இருந்தன. நெதர்லாந்தில் மாதிரித் தொட்டிச் சோதனையோடு, விமானச் சிறகுகளை ஆராயும் கணினி முறையும் அதன் உருவாக்கத்தில் பயன்பட்டது.

பாயும் பனியனும்

பாய் வடிவமைப்பில் கணினி செய்வதைத் திருப்பூர் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். உடல் வளைவானது, துணி தட்டையானது. தட்டைத் துணியிலிருந்து வளைந்த உடலுக்கு ஆடை வர, துண்டுகளின் விளிம்பை எப்படி வளைத்து வெட்டுவது என்பதே பேட்டர்ன் மாஸ்டரின் கணக்கு. முன்பு அட்டையில் வெட்டிய பேட்டர்ன் இன்று கணினித் திரையில் உருவாகிறது.

பாயும் அப்படித்தான். பல துண்டுகளின் விளிம்புகளைச் சற்றே வளைவாக வெட்டி இணைத்தால் பாயின் நடுவே புடைப்பு வரும். காற்று அந்தப் புடைப்பின் மீது விமானச் சிறகின் மேல் ஓடுவதுபோல் ஓடி விசை தருகிறது. கணினி முதலில் வேண்டிய புடைப்பை வரைந்து, பிறகு அதைத் தட்டையான துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. பின்னலாடை இழுபட வேண்டும். பாய்த்துணி இழுபடக் கூடாது. இழுபட்டால் கணக்கிட்ட வடிவம் கெடும். எனவே பாய்க்குப் பின்னல் துணி உதவாது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் போன்றவையே பயன்படுகின்றன.

தாரிணியும் கௌண்டின்யாவும்

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ 56 அடி நீளமுள்ள நவீனப் பாய்ப்படகு. நெதர்லாந்து நிறுவனமொன்றின் வரைபடத்தின்படி கோவாவில் கட்டப்பட்டு 2017இல் சேவைக்கு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை இதில் உலகைச் சுற்றி வந்தனர்.

‘கௌண்டின்யா’ முற்றிலும் வேறு வகை. அஜந்தா ஓவியத்தில் காணும் கப்பலை அடிப்படையாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கலம் இது. நீளம் 19.6 மீட்டர், இயந்திரம் கிடையாது. சதுரப் பாய்களும் திசை திருப்பும் துடுப்புகளும் உண்டு. கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கைவினைஞர்கள் கோவாவில் இதைத் தைத்தனர். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, அடுத்த மாதம் ஓமனின் மஸ்கட்டை அடைந்தது.

இதற்குப் பழைய வரைபடம் எதுவும் கிடையாது. இருந்தது ஓர் ஓவியம் மட்டுமே. அழகாக வரைந்த கப்பலெல்லாம் கடலில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் கடற்படை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையுடன் சேர்ந்து மாதிரிச் சோதனை நடத்தி, நீரில் கலம் எப்படி நடந்துகொள்ளும் என்று சரிபார்த்தது. நவீனப் பொருள் எதுவும் சேராத மரப் பாய்மரம் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பகுப்பாய்வின் மூலம் ஆராய்ந்தது.

கணக்கும் கையும்

கௌண்டின்யா காட்டும் பாடம் தெளிவானது. கலம் மிதக்குமா, சாய்ந்தால் நிமிருமா, மரம் முறியுமா என்ற கேள்விகளுக்குக் கட்டும் முன்பே கணக்கு விடை தந்தது. பலகையை எப்படி வளைப்பது, கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்ற கேள்விகளுக்குக் கையே விடை தந்தது. தைக்கத் தெரிந்தவர்கள் இல்லாதிருந்தால் சோதனை முடிவுகள் தாளிலேயே நின்றிருக்கும்.

ஒரு காலத்தில் தைத்த படகுகள் நிறைந்திருந்த கரை நம்முடையது. அந்தக் கலையின் கணக்கு ஏட்டில் ஏறாமலே பல இடங்களில் மறைந்துவிட்டது. இன்று வளைவை அளக்கவும் வரையவும் சேமிக்கவும் கணினி இருக்கிறது. நம் கரையில் எஞ்சியுள்ள மரக்கலங்களையும், அவற்றைக் கட்டுவோர் சொல்லும் அளவுகளையும் பதிவுசெய்யும் பணியைக் கல்லூரி மாணவர்கள்கூட மேற்கொள்ளலாம். புதிய படகை வரைவதைப் போலவே, பழைய படகு மறையாமல் காப்பதும் கணினியால் ஆகக்கூடிய வேலைதான்.