ஆய்வாளன் யாருக்கு ஊழியன்?

பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டுவர். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பர். புண் ஆறத் தொடங்கியிருந்தால் நிரபராதி. சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி! ஆண்டவன் தீர்ப்பு என்று இதற்குப் பெயர். இங்கிலாந்திலே நடந்தது இது. 1215இல் போப்பாண்டவர் கூட்டிய மாமன்றம், பாதிரிமார் இச்சடங்கில் கலந்துகொள்ளலாகாது என்று தடுத்த பிறகே அங்கு ஒழிந்தது. நம்மவர் நகைக்க வேண்டாம். இந்திரனே தூய்மை பெற்ற தலம் என்று புராணம் புகழும் சுசீந்திரத்தில், கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்து குற்றம் ஆராயும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்ததன்றோ!

ஆண்டவன் தீர்ப்பு போயிற்று. அந்த அரியணையில் வந்து அமர்ந்தது எது? ஒப்புதல் வாக்குமூலம்! "அவனே ஒத்துக்கொண்டான், இனி ஆராய்ச்சி எதற்கு?" என்பது காவலர் வாதம். அந்த வாதத்தை ஓர் ஆய்வுக்கூடம் முறியடித்த வரலாற்றை எடுத்துரைக்க விழைகிறோம்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வட்டாரத்தில் 1983இல் ஒரு கொலை, 1986இல் மற்றொரு கொலை. இருவரும் 15 வயதுச் சிறுமியர். வன்கொடுமைக்கு ஆளாகிக் கழுத்து நெரிக்கப்பட்டவர்கள். மருத்துவமனைச் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்த 17 வயது இளைஞன் பிடிபட்டான். கேள்விமேல் கேள்வி! இரண்டாம் கொலையைச் செய்ததாக ஒத்துக்கொண்டான். முதற் கொலையை மறுத்தான். அதையும் அவன் தலையில் ஏற்ற வழி தேடிய காவல்துறை, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியது.

அங்கே அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிஞர், 1984 செப்டம்பரில் ஒரு புதுமை கண்டிருந்தார். உயிரணுவிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, நொதியால் துண்டுகளாக்கி, கூழ்ப்பலகையில் இட்டு மின்சாரம் செலுத்தினால், சிறு துண்டுகள் விரைந்தும் பெருந்துண்டுகள் மெல்லவும் நகரும். கதிரியக்கம் ஊட்டிய துணுக்குகளை அவற்றின்மீது ஒட்டவிட்டால், எக்ஸ்ரே படலத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நீங்கலாக, இருவர் கோடுகள் முற்றும் ஒத்திருத்தல் அரிதினும் அரிது.

காவல்துறை எதிர்பார்த்தது ஒன்று. படலம் காட்டியது வேறொன்று. இரு சிறுமியர் உடலிலும் கிடைத்த விந்து ஒரே ஆடவனுடையது. அந்த ஆடவனோ, ஒத்துக்கொண்ட இளைஞன் அல்லன்! நம்ப மாட்டாமல் அரசின் ஆய்வுக்கூடத்தார் மீண்டும் சோதித்தனர். அதே முடிவு. 1986 நவம்பரில் இளைஞன் விடுதலையானான். ஆம் தோழர்களே, குற்ற வழக்கிற்குள் புகுந்த மரபணு ஆய்வு முதன்முதலில் திறந்துவிட்டது ஒரு சிறைக்கதவை!

அடுத்து, சுற்றுப்புற ஊர்களின் ஆடவர் 5000 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். எவர் கோடும் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? காலின் பிட்ச்ஃபோர்க் என்னும் ரொட்டித் தொழிலாளி, தன் பெயரில் குருதி கொடுக்க உடன் வேலை செய்தவனை அனுப்பியிருந்தான்! மதுக்கடைப் பேச்சில் அது கசிந்தது. கேட்ட பெண்ணொருத்தி காவல்துறைக்கு அறிவித்தாள். 1987 செப்டம்பரில் பிடிபட்டவனின் கோடுகள் பொருந்தின. 1988இல் ஆயுள் தண்டனை. ஆய்வுக்கூடத்தால் இயலாததை அந்தப் பெண்ணின் நேர்மை செய்தது.

இனி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் பார்ப்போம். அங்கு ஆய்வுக்கூடம் காவல்துறையின் ஓர் அங்கம். 1998இல் ஒரு வன்கொடுமை வழக்கில் 16 வயதுக் கறுப்பின இளைஞன்மீது பழி விழுந்தது. டி.என்.ஏ. பொருந்துகிறது என்று கூடத்தின் ஆய்வாளர் சாட்சி சொன்னார். 1999இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை. 2002 இறுதியில் வெளியார் வந்து தணிக்கை செய்தபோது, பயிற்சிக் குறைவு, பதிவேட்டுக் குறைவு, கூரை ஒழுகித் தடயப் பொருள்கள் நனைந்த அவலம், யாவும் அம்பலமாயின. டி.என்.ஏ. பிரிவு மூடப்பட்டது. மறு ஆய்வில், அந்தத் தடயம் அவனுடையதல்ல என்று தெளிவாயிற்று. 2003இல் வெளியே வந்தான். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட இளமையை யார் திருப்பித் தருவார்?

அறிவியல் ஈரிடத்தும் ஒன்றே. லெஸ்டரில் ஆய்ந்தவருக்குக் காவல்துறை கூலி கொடுக்கும் எசமானன் அல்ல. ஆகவே அது விரும்பாத விடையை அதன் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. ஹூஸ்டனில் ஊதியமும் உயர்வும் அதே துறையின் கையில். இதுவே வேற்றுமை என்பது நம் கருத்து. 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு, ஆய்வுக்கூடங்களைக் காவல்துறையின் ஆட்சியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஹூஸ்டனில் அதற்குப் பின்னும் ஐந்தாண்டு ஆயிற்று. 2014இல்தான் ஆய்வுக்கூடம் ஒரு தனி நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது.