ஓடுபாதையில் ஒரு சொல்லின் விலை

விமானத்துக்கு ஆபத்து வானத்தில்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சக்கரங்கள் தரையைத் தொட்டதும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். ஆனால் விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் ஒரே விபத்தில் மிக அதிகமானோர் உயிரிழந்தது தரையில்தான். 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரி தீவுகளில் ஒன்றான தெனரீஃபில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டனர்.

சொற்களை வைத்தே வாழ்நாளைக் கழித்த பத்திரிகைக்காரன் என்ற வகையில் இந்த விபத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அங்கே எந்த இயந்திரமும் பழுதடைந்திருக்கவில்லை. சொன்னவர் ஒன்றை நினைத்துச் சொன்னார். கேட்டவர் வேறொன்றாக விளங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு விமானங்களும் அன்று தெனரீஃபுக்கு வரவேண்டியவை அல்ல. அவை செல்லவிருந்த இடம் அருகிலுள்ள கிரான் கனேரியா தீவு. அத்தீவின் விமான நிலையத்தில், கனேரி தீவுகளின் விடுதலையைக் கோரிய இயக்கம் ஒன்று வைத்த குண்டு வெடித்ததால், விமானங்கள் தெனரீஃபின் லொஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அது ஒரேயோர் ஓடுபாதையைக் கொண்ட சிறிய நிலையம். வந்திறங்கிய விமானங்கள், ஓடுபாதைக்குப் பக்கமாகச் செல்லும் ரக்சி பாதையின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு நின்றன. எனவே புறப்பட வேண்டிய விமானங்கள், ஓடுபாதையிலேயே எதிர்த்திசையில் ஊர்ந்துசென்று மறுமுனையை அடையவேண்டியிருந்தது.

ஒல்லாந்தின் கே.எல்.எம். விமானம் முதலில் சென்று, மறுமுனையில் திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் அம் விமானம் அதன் பின்னால் அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது விலகுபாதையால் வெளியேறுமாறு அதற்குக் கூறப்பட்டிருந்தது. ஆனால் பனிமூட்டத்தில் அந்தத் திருப்பத்தைத் தாண்டி அது மேலும் முன்னே சென்றது. கோபுரத்திலிருந்த கட்டுப்பாட்டாளருக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை. விமானிகளுக்கு மற்ற விமானம் தெரியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ராடர் அங்கே இருக்கவில்லை. மூன்று தரப்பினரையும் இணைத்தது வானொலிக் குரல் ஒன்றுதான்.

கே.எல்.எம். விமானத்துக்கு, மேலெழுந்த பின்னர் செல்லவேண்டிய வழி பற்றிய அனுமதி வழங்கப்பட்டது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. எனினும் அந்த அறிவித்தலுக்குள் 'டேக் ஒஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'இப்போது டேக் ஒஃபில் இருக்கிறோம்' என்ற பொருள்படும் ஒரு தொடரையும் சேர்த்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதா, ஓடத் தயாராக நிற்கிறோம் என்பதா? இரண்டாவது பொருளிலேயே கோபுரம் அதை எடுத்துக்கொண்டது. 'ஓகே' என்று பதில் வந்தது. சிறிது இடைவெளிக்குப் பின், காத்திருக்குமாறு கட்டுப்பாட்டாளர் கூறினார். அதே கணத்தில், தாங்கள் இன்னமும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் அம் விமானியும் அறிவித்தார். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதின. கே.எல்.எம். விமானிகளின் காதில் 'ஓகே' தெளிவாக விழுந்தது. அதன் பின்னர் வந்தவை கீச்சொலியில் அமிழ்ந்தன.

இதைவிட என்னை உறுத்துவது அடுத்து நடந்ததாகும். விமானம் ஓடிக்கொண்டிருந்தபோது, பான் அம் இன்னும் விலகவில்லையா என்று கே.எல்.எம். பறப்புப் பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் வந்தது. பதிலளித்த தலைமை விமானி ஜேக்கப் வெல்துய்சன் வான் சான்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெற்ற முகம் அவருடையது. அத்தகையவரிடம் இரண்டாம் தடவை கேட்க எவரும் துணியவில்லை. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். பான் அம் விமானத்தில் இருந்த 396 பேரில் 61 பேரே உயிர் தப்பினர்.

அந்தச் சாம்பலிலிருந்து விதிகள் பிறந்தன. புறப்பட அனுமதிக்கும்போதோ அந்த அனுமதியை இரத்துச் செய்யும்போதோ அன்றி, 'டேக் ஒஃப்' என்ற சொல் வானொலியில் பயன்படுத்தப்படலாகாது என்றாயிற்று. வெறும் 'ஓகே' போதாது. முக்கியமான கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது. இளையவர் தமது ஐயத்தை எழுப்பவும் மூத்தவர் அதற்குச் செவிகொடுக்கவும் விமானக் குழுவினருக்குப் பயிற்சி அளிக்கப்படலாயிற்று. 1981இல் யுனைடெட் எயார்லைன்ஸ் நிறுவனம் அத்தகைய விரிவான பயிற்சியைத் தொடங்கியது. மூத்தவரை எதிர்த்துப் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கருதும் சமூகத்தில் வளர்ந்த நமக்கு, இந்த மாற்றத்தின் அருமை நன்றாக விளங்கும்.

எனினும் சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது. 2001 ஒக்ரோபர் 8ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாற்றே விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் வழிமாறிய சிறிய செஸ்னா ஜெட் ஒன்று, புறப்பட்டுக்கொண்டிருந்த ஸ்கண்டிநேவிய விமானத்தின் முன் வந்தது. 118 பேர் இறந்தனர். ஆர்-5 என்ற பாதையில் செல்லவேண்டிய ஜெட் ஆர்-6இல் சென்றிருந்தது. அங்கே வழிகாட்டிப் பலகைகளும் தரைக்குறிகளும் குறைபாடுடையவையாக இருந்தன. பழைய தரை ராடர் அகற்றப்பட்டிருந்தது. புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. தெனரீஃப் நிகழ்ந்து 24 ஆண்டுகள் கடந்தும் கோபுரம் குருடாகவே இருந்தது.

கருவிகள் இருந்தாலும் மனிதன் தவறுவான் என்பதை 2024 ஜனவரி 2ஆம் திகதி ரோக்கியோவின் ஹனேடா நிலையம் காட்டியது. நில நடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நோட்டோ பகுதிக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவிருந்த கரையோரக் காவல்படை விமானத்துக்கு, 'நம்பர் வன்' என்று வரிசையில் முதலிடம் கூறப்பட்டு, ஓடுபாதைக்கு வெளியே காத்திருக்கும் இடம்வரை செல்லப் பணிக்கப்பட்டது. அந்தக் கட்டளை சரியாகவே திருப்பியும் சொல்லப்பட்டது. ஆயினும் உள்ளே நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிய அதன் விமானி ஓடுபாதைக்குள் சென்று நின்றார். கோபுரத்தின் திரையில் எச்சரிக்கை தோன்றியது, எவரும் கவனிக்கவில்லை. தரையிறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் அதன்மீது மோதியது. காவல்படையினர் அறுவரில் ஐவர் இறந்தனர். தீப்பற்றிய பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர். விபத்தை அடுத்து, புறப்படும் வரிசை எண்ணை விமானிகளுக்குச் சொல்வதை ஜப்பானிய அதிகாரிகள் சிலகாலம் நிறுத்திவைத்தனர். 47 ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சிறு சொற்றொடரே விசாரணைக்கு உள்ளாயிற்று.

அடுத்தமுறை நீங்கள் பயணம் செய்யும் விமானம் ஓடுபாதையின் விளிம்பில் நீண்ட நேரம் நின்றால், பொறுமை இழக்காதீர்கள். முன்னே நீங்கள் காணாத சிவப்பு விளக்கு வரிசை ஒன்று எரிந்துகொண்டிருக்கலாம். விமானி தாம் கேட்டதைக் கோபுரத்துக்குத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டிருக்கலாம். அந்தச் சில நிமிடத் தாமதத்தைக் கட்டாயமாக்கிய விதிகளுக்கு, தெனரீஃபில் 583 பேர் விலை கொடுத்திருக்கிறார்கள்.