கற்பிட்டிக் கோட்டை

கற்பிட்டிக் கோட்டை என்பது இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் வடபகுதியில், புத்தளம் களப்பின் கரையோரமாக அமைந்த ஒல்லாந்தர் காலக் கோட்டை. ஆலங்குடாக் கடற்கரையும் இதே குடாநாட்டில் உள்ளது. ஆனால் அது மேற்கே திறந்த கடலை நோக்கியிருக்க, கோட்டை களப்பைக் காவல்செய்யும் முறையில் எழுந்தது.

முன்னர் போர்த்துக்கேயர் வசமிருந்த கற்பிட்டியை ஒல்லாந்தர் 1659இல் கைப்பற்றினர். 1667இல் தொடங்கிய கோட்டைப் பணி 1676இல் நிறைவெய்தியது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே இதன் முதன்மை நோக்கம். களப்பின் வாயிலைப் பிடித்தவர்க்குப் புத்தளம் வழியான சரக்குப் போக்குவரத்து முழுவதும் கைக்குள் வந்தது.

ஏறத்தாழச் சதுர வடிவான இக்கோட்டைக்கு நான்கு மூலைக் கொத்தளங்கள் உண்டு. மதில்கள் அப்பகுதியில் கிடைத்த முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை. வாயில் வளைவு மட்டும் இறக்குமதி செய்த மஞ்சள் செங்கல்லால் கட்டப்பட்டது. சாம்பல் நிற மதிலிடையே அது தனித்துத் தெரியும். வாயிலுக்கு மேலே மணிக்கூண்டு உள்ளது. உட்புறத்தில் தேவாலயம், படைவீரர் தங்குமிடம், சிறைக்கூடம் ஆகியவற்றின் எச்சங்கள் காணப்படுகின்றன.

1795 நவம்பரில் கோட்டை பிரித்தானியரிடம் சரணடைந்தது. 1859 வரை அங்கே காவற்படை இருந்தது. இன்று இது இலங்கைக் கடற்படை முகாமின் வளாகத்துள் அடங்குவதால், கடற்படையின் அனுமதி பெற்றே பார்வையிட முடியும்.