தேர்வுக் கூடத்தின் வாயில்

2020 மே மாதம், கொள்ளைநோய்க் காலத்தில், கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்குப் பெயர்க்கப்பட்டது. உயர் அதிகாரிகளின் ஒரு முடிவு எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிறது என்பதை அப்பேரூர் அன்று கண்கூடாகக் கண்டது. அத்தகைய பொறுப்புகளுக்கு ஆள் தேரும் முறை காலந்தோறும் மாறிவந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

திருமழிசைக்கு மேற்கே, காஞ்சிபுரத்தைக் கடந்து தெற்கே சென்றால் உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினர் தேரும் விதிகளைக் கூறுகின்றன. பிந்தைய விதிப்படி வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும்; வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். நேர்மையைக் காத்த விதிதான். ஆயினும் அந்தணர் சபையாகிய அதில் பிறருக்கு இடமில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இயக்குநர்களின் பரிந்துரையே உயர்பதவிக்கு வழியாக இருந்தது. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அதனை ஒழித்தது. 1855இல் இலண்டனில் முதல் போட்டித் தேர்வு நடைபெற்றது. பரிந்துரை போய்த் திறமை வந்தது என்றனர். ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்: கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750, அரபிக்கும் சமஸ்கிருதத்திற்கும் தலா 375! தமிழுக்கு இடமே இல்லை. கடல் கடந்து செல்லப் பொருளும் வேண்டும். 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் இத்தடைகளைத் தாண்டி, வென்ற முதல் இந்தியரானார். 1878இலோ உச்ச வயதை 19ஆகக் குறைத்து வாயிலை மேலும் குறுக்கினர். இந்திய மண்ணில், அலகாபாத்தில், இத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க நேர்ந்தது.

விடுதலைக்குப் பின் கோத்தாரிக் குழுவின் பரிந்துரைப்படி 1979இல் முறை மாறியது. முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகள் அமைந்தன. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதும் உரிமையும் கிடைத்தது. இன்று தரவரிசைக்குரிய 2025 மதிப்பெண்களில் 1750 எழுத்துத் தேர்வுக்கும் 275 நேர்முகத்திற்கும் உரியவை. எனினும் முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழில் சிந்திக்கும் மாணவர் ஆங்கிலத்தில் விரைந்து படித்துப் பொருளுணரும் பயிற்சியைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்க வேண்டியதன் காரணம் இதுவே.

2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, காவல் பணியில் 4 விழுக்காடு என்று காட்டியது. இவ்வெண்களைக் கண்டு பெருமூச்சு விடுவதோடு நில்லாமல், நம் வீடுகளில் நாள்தோறும் செய்தித்தாள் படிக்கப்படுகிறதா, படித்ததைப் பற்றிப் பத்து வரி எழுதும் வழக்கம் உண்டா, பெண்மக்களுக்கும் அந்நேரம் ஒதுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்வோம். இலண்டனுக்குக் கப்பலேற வேண்டிய காலம் கழிந்துவிட்டது. இன்று வேண்டியது, பட்டம் பெற்ற பிள்ளையை உடனே சம்பாத்தியத்திற்கு விரட்டாமல், இரண்டொரு ஆண்டுகள் அமர்ந்து படிக்க விடும் குடும்பத்தின் பொறுமையே.