திருவிருந்து அழைப்பு (கொங்கு நாடு)

திருவிருந்து அழைப்பு என்பது, இறைவன் தம் பந்தியில் அமர மனிதரைக் கூப்பிடுகிறார், அந்தக் கூப்பிடலுக்கு இசைந்து வருவதே விசுவாசம் என்னும் கிறிஸ்தவக் கருத்து. அதை நிகழ்த்திக் காட்டும் சடங்கைக் கத்தோலிக்கர் நற்கருணை என்பர். சீர்திருத்தச் சபையார் இராப்போஜனம் அல்லது திருவிருந்து என்பர். அவிநாசியை ஒட்டிய கொங்கு வட்டாரத்தில் இக்கருத்தின் வரலாறு, பக்கத்து இலையில் யார் உட்காருவது என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

இதன் வேர் லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் உள்ள உவமை. ஒருவர் பெரிய விருந்து வைக்கிறார். முன்பே சொல்லி வைத்தவர்களைச் சமையல் ஆனதும் ஆள் விட்டு மறுபடி அழைக்கிறார். நம் ஊர்க் கலியாணங்களிலும் தாம்பூலம் வைத்து அழைப்பது ஒன்று, “இலை போட்டாச்சு, வாங்க” என்பது வேறு. முதலாவதற்குத் தலையாட்டியவர்கள் இரண்டாவதில் நழுவுகிறார்கள். ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார். ஒருவர் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறார். ஒருவருக்குப் புதுக் கலியாணம். கொங்கு வழக்கில் சொன்னால் காடு, மாடு, கலியாணம். மூன்றும் நல்ல காரியங்கள்தாம் என்பதே உவமையின் கூர்மை. பிறகு அந்த இலைகளில் ஏழைகளும் ஊனமுற்றோரும் வந்து அமர்கிறார்கள். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்தபோது, அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கண்டித்தார்.

பழைய தமிழ் வேதாகமம் இயேசு உணவுக்கு அமர்ந்ததைப் ‘பந்தியிருந்தார்’ என்று சொல்கிறது. தமிழ்க் காதில் அச்சொல் விழும்போது முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் பந்தி வஞ்சனையும் சேர்ந்தே விழும்.

இந்தப் பந்திப் பிரிவினை மறைப்பணியையும் தொட்டது. இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து பிராமணத் துறவியின் கோலத்தில் வாழ்ந்தார். அந்தக் கோலம் பிற சாதியாரோடு கலக்க இடம் தரவில்லை. 1640இல் அதே சபையின் பல்தசார் தா கோஸ்தா, எல்லாரோடும் பழகக்கூடிய பண்டாரசாமியாக வேடம் மாற்றிக்கொண்டது இந்தத் தடையைத் தாண்டவே. அந்த நூற்றாண்டிலேயே சத்தியமங்கலம் வழியாகக் கொங்கில் பரவிய மறைப்பணியின் பழைய தலங்களுள் ஒன்று, அவிநாசிக்கு மேற்கே கோவை சாலையில் உள்ள கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம்.

நோயுற்ற பறையர் வீட்டுக்குள் குருக்கள் போகாமல் ஒதுங்கும் வழக்கம் உரோமாபுரிக்குப் புகாராகச் சென்றது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, சாவின் வாயிலில் இருப்பவரின் குடிசைக்கே சென்று அருள்சாதனங்களை வழங்க வேண்டும் என்றது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அதை உறுதிசெய்தார். ஆனாலும் பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இசைவு தந்தார். விருந்து ஒன்று, பரிமாறுவோர் இரு தரப்பு என்றானது. இது தீர்வல்ல, ஒத்திப்போடல்.

அந்த ஒத்திப்போடலின் சுமை மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் மேல் விழுந்தது. பிரான்சின் கஸ்தெல்நோதாரியில் 1813இல் பிறந்த இவர், 1842இல் மறைபணியாளராகப் புதுச்சேரிக்கு வந்தார். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராக அருள்பொழிவு பெற்றார். உள்ளூர்க் குருக்களை வளர்ப்பதே அவருடைய ஆசை. சாதி ஆசாரங்களில் எதை அனுமதிப்பது, எதை விலக்குவது என்பது மட்டும் அவருக்குத் தெளியவில்லை. உரோமையின் தீர்ப்புகளைக் காப்பதாகச் சத்தியம் செய்திருந்த மறைபணியாளர்கள் நடைமுறையில் ஆளுக்கொரு விதமாக நடந்தனர். மனச்சாட்சி இடம் கொடாததால் ஆயர் பொறுப்பிலிருந்து விலக இசைவு கேட்டார். 1855இல் விலகல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பதவியை விட மனச்சாட்சியைப் பெரிதாக எண்ணிய இவரைக் கொங்கு மக்கள் இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

சீர்திருத்தச் சபைகள் வேறு வழியில் சென்றன. 1830இல் இலண்டன் மிஷனின் ஆடிஸ் கோயம்புத்தூரில் பணி தொடங்கினார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, சாதி பாராமல் சேர்ந்து உண்ணத் துணியாதவரைச் சபையில் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதை ஏற்கவில்லை; வற்புறுத்தி உண்ண வைப்பது விருந்தாகாது என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரௌலின் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் எப்போதும் கடைசிப் பந்திக்காரர்களே என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் வேகம் கூடியது. உரோமையின் தீர்ப்புகளைக் காப்பதாகக் கத்தோலிக்க மறைபணியாளர் எடுத்துவந்த சத்தியப் பிரமாணம் 1940இல் நீக்கப்பட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சீர்திருத்தச் சபைகள் பல இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறைமையில், அப்பம் பெறுமுன் அருகில் இருப்பவரின் கைகளைத் தம் கைகளுக்குள் ஏந்திச் சமாதானம் பகிரும் சடங்கு இடம்பெற்றது. தீண்டாமையை நினைத்துப் பார்த்தால், தொடுகையை வழிபாட்டுக்குள் வைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கப் பலிபூசையும் தமிழில் நடக்கத் தொடங்கியது.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நீடிப்பதை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரே கிண்ணத்தில் பங்குபெற்றவர்களைச் சாவுக்குப் பின் பிரித்துவைக்கும் கல்லறைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவை இடிக்கப்பட வேண்டும்.